கவுன்சிலிங்குக்கு மூன்று செட் ஜெராக்ஸ்

முதல் வியாழக்கிழமை நான் ஆஸ்பத்திரிக்கு ஒரு பிளாஸ்டிக் கவரோடு போனேன். உள்ளே குடும்ப அட்டை, ஆதார் அட்டை, சாதிச் சான்றிதழ், ஐந்தாம் வகுப்பு முடித்தபோது கொடுத்த டி.சி., நான்கு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. எல்லாவற்றுக்கும் மூன்று செட் ஜெராக்ஸ். ஒவ்வொரு செட்டையும் தனித்தனியாகப் பின் அடித்து வைத்திருந்தேன்.

அதற்குக் காரணம் இருந்தது. குடியை நிறுத்த வைப்பதற்காக தர்மபுரி அரசு ஆஸ்பத்திரி வார்டில் எட்டு நாள் என்னைப் படுக்க வைத்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சீட்டில் ஒரு வரி எழுதினார். நர்ஸம்மா அதைப் படித்துச் சொன்னார்: "வியாழக்கிழமை காலைல பத்து மணிக்குக் கவுன்சிலிங். மறக்காம வந்துடுங்க."

கவுன்சிலிங் எனக்குத் தெரிந்த சொல்தான். பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கிற வீட்டில் மே மாதத்திலிருந்து அந்தச் சொல்தான் ஓடும். என் மச்சான் தன் மகனைக் கூட்டிக்கொண்டு கவுன்சிலிங் போனபோது ஒரு ஜெராக்ஸ் குறைந்ததென்று வரிசையை விட்டு வெளியே அனுப்பினார்கள். ஊரெல்லாம் சொல்லிப் புலம்பினார். ஆகவே கவுன்சிலிங் என்றால் ஒரிஜினல் வேண்டும், ஜெராக்ஸ் வேண்டும், பெயர் கூப்பிடுகிறவரை உட்கார்ந்திருக்க வேண்டும், தகுதி இருந்தால் இடம் கிடைக்கும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டும். குடியை நிறுத்தவும் நிறையப் பேர் வருவார்கள், அதிலும் ஆள் பொறுக்குவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அந்த இடம் கிடைக்க வேண்டும் என்று பஸ்ஸில் போகும்போது வேண்டிக்கொண்டேன்.

அறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலிகள், சுவரில் கல்லீரல் படம். மேஜைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஒரு பெண் இருந்தார். என் மகளைவிட ஒரு பத்து வயது மூத்தவராக இருக்கலாம்.

"வாங்கண்ணா, உக்காருங்க."

நான் உட்காரவில்லை. ஒரு செட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். பக்கத்தில் ஒரிஜினல்களை வரிசையாக அடுக்கினேன்.

"இதெல்லாம் என்னங்கண்ணா?"

"கவுன்சிலிங்குக்குங்க."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்கினார் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் காகிதங்களை என் பக்கம் தள்ளிவிடவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். மடித்து மடித்து நாலாகக் கிழியப்போகிற நிலையில் இருந்த டி.சி.யை மெதுவாகப் பிரித்து வாய்விட்டுப் படித்தார்.

"அங்க அடையாளம், இடது முழங்கைக்குக் கீழே ஒரு மச்சம். எங்கண்ணா, காட்டுங்க பாப்போம்."

சட்டைக் கையை மேலே தூக்கிக் காட்டினேன். அங்கே மச்சம் இல்லை. தோல் வழவழவென்று ஒரு தழும்பாக இருந்தது.

"நான் பரோட்டா மாஸ்டருங்க. மச்சம் இருந்த எடத்துல கல்லு சுட்டுடுச்சுங்க."

அந்த அறையில் நான் முதலில் பேசிய முழுப்பேச்சு அதுதான். அவர் டி.சி.யின் கடைசி வரிக்குப் போனார்.

"நடத்தை, நன்று. இதுக்கப்புறம் யாராச்சும் உங்களுக்கு நடத்தைச் சான்றிதழ் கொடுத்திருக்காங்களா?"

"இல்லிங்க."

"அப்ப கடைசியா வாங்கினது இதுதான். இன்னைக்கும் இதுதான் செல்லும்."

அவர் விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. குனிந்து காகிதங்களை அடுக்க ஆரம்பித்தேன்.

"இங்க ரேங்க் எல்லாம் கெடையாதுங்கண்ணா. வர்றவங்க எல்லாருக்கும் எடம் இருக்கு. நீங்க பேசணும், நான் கேக்கணும். அவ்வளவுதான் இந்தக் கவுன்சிலிங்."

பேசுவதற்குப் பதிலாக இன்னும் நாலு சான்றிதழ் கேட்டிருந்தால்கூடக் கொண்டுவந்து கொடுத்திருப்பேன்.

*

எனக்குப் பேச வராது. திக்குவாய் இல்லை. நாலு பேர் என்னைப் பார்த்தால் சொல்ல வந்தது உள்ளேயே நின்றுவிடும். கல்யாணத்தில் மொய் எழுதுகிறவரிடம் பெயர் சொல்லக்கூட மனைவியை அனுப்புவேன். பரோட்டாக் கல் முன்னால் நிற்கிற வேலை எனக்கு ஒத்துவந்ததற்கு அதுதான் காரணம். தொப்பூர்க் கணவாய்க்குப் பக்கத்தில் லாரிக்காரர்கள் சாப்பிடும் ஓட்டல் அது. பகல் வேலை, வியாழக்கிழமை லீவு. சப்ளையர் "நாலு பரோட்டா" என்று கத்துவார். நான் நாலு பரோட்டா போடுவேன். பதில் சொல்ல வேண்டியதில்லை.

குடி எனக்கு வாயைக் கொடுத்தது. கட்டிங் என்று ஒன்று இருக்கிறது. ஒரு குவார்ட்டரை முன்பின் தெரியாத இரண்டு பேர் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வது. டாஸ்மாக் கடை வாசலில் நிற்கிறவன் இரண்டு விரலைக் கத்தரி மாதிரி ஆட்டுவான். நாமும் தலையை ஆட்டினால் போதும், கூட்டு சேர்ந்தாயிற்று. ஒரு வார்த்தை பேசாமல் ஒரு சிநேகிதன் கிடைக்கிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். பாதி உள்ளே போனதும் நானே பேசுவேன். சிரிக்கச் சிரிக்கப் பேசுவேன். அப்படிப் பேசியது நான்தான் என்று மறுநாள் யாராவது சொன்னால் எனக்கே வெட்கமாக இருக்கும். அந்த வெட்கத்துக்கு மறுபடியும் ஒரு கட்டிங்.

அனலுக்கு முன்னால் நிற்கிறவனுக்கு இது வேண்டும் என்று மாஸ்டர்கள் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொன்னேன். பிறகு அனல் இல்லாத நாளிலும் குடித்தேன். கடைசியில் காலையில் ஒரு மடக்கு இறங்கினால்தான் கை நடுக்கம் நின்று மாவு வீச வரும் என்கிற நிலைக்கு வந்தேன். கோயிலில் நாற்பத்தெட்டு நாள் கயிறு கட்டிக்கொண்டு நிறுத்தியதுண்டு. கயிறு அவிழ்த்த அன்றே கடைக்குப் போனதும் உண்டு. மனைவி பூப்பறிக்கப் போய் வீட்டைப் பார்த்துக்கொண்டாள். "இனிமே தொட மாட்டேன்" என்று நான் சொன்னால் அவள் "சரிங்க" என்பாள், வெயில் அடிக்கிறது என்று சொன்னால் சரி என்பதுபோல.

மகள் பிளஸ் ஒன் சேர்ந்த அன்று நான் கூடப் போனேன். பயத்துக்குக் கொஞ்சம் போட்டுக்கொண்டு, வாய்க்குப் பாக்கு மென்றுகொண்டு போனேன். கையெழுத்து போடச் சொன்ன இடத்தில் போட்டேன். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்படியே படுத்துத் தூங்கிவிட்டேன். அவளுடன் படிக்கப்போகிற பிள்ளைகள் எல்லாம் என்னைத் தாண்டித்தான் உள்ளே போயிருக்கிறார்கள். அவள் அதைப் பற்றி அன்று ஒன்றும் சொல்லவில்லை. பிளஸ் டூ அரையாண்டுப் பரீட்சை முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, சோற்றைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அப்பா, காலேஜ்ல சேர்றப்ப நீ வர வேணாம். மாமா வந்தா போதும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். உப்பு எடுத்துக் கொடு என்பது மாதிரிச் சொன்னாள்.

மறுநாள் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், கை நடுக்கத்துக்கு மாத்திரை வேண்டும் என்றேன். டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். எத்தனை வருடம், ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டார். விரலைக் காட்டிச் சொன்னேன். "நீங்களா வூட்டுல படுத்து நிறுத்தாதீங்க, வலிப்பு வந்துடும். பெரிய ஆஸ்பத்திரியில சேந்து நிறுத்துங்க" என்று எழுதிக் கொடுத்தார். அப்படித்தான் அந்த எட்டு நாள். மனைவி கூட இருந்தாள். மகளிடம் கை நடுக்கத்துக்கு வைத்தியம் என்று மட்டும் சொல்லச் சொன்னேன். எத்தனையோ முறை அவளிடம் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கிறேன். இந்த முறை நிறுத்திவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவள் கல்லூரியில் சேரும் நாளில் நான் அவள் பக்கத்தில் நிற்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

*

எங்கள் ஊர் அதியமான்கோட்டையை ஒட்டி, பைபாஸ் ரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தொப்பூருக்குப் போக ரோட்டின் ஒரு பக்கம் நிற்க வேண்டும். தர்மபுரிக்குப் போக எதிர்ப்பக்கம். இருபது வருடமாக ஒரே பக்கத்தில் நின்றவன் ஒருநாள் எதிர்ப்பக்கத்தில் நின்றால் அது செய்திதான். அதுவும் அந்தப் பக்கத்தில் டீக்கடை அக்கா இருக்கிறார். அவருக்குத் தெரியாமல் எங்கள் ஊரில் ஒரு கோழிகூட ரோட்டைத் தாண்டாது. கடைக்குப் பின்னால் அவருடைய வீட்டுக்காரர் கயிற்றுக் கட்டிலில் எந்நேரமும் படுத்திருப்பார். உடம்பு சரியில்லை என்று அக்கா சொல்வார். நாங்களும் அதற்குமேல் கேட்க மாட்டோம்.

இரண்டாவது வியாழக்கிழமையே அக்கா பிடித்துக்கொண்டார்.

"என்னா தம்பி, இந்தப் பக்கம்? போன வாரமும் பாத்தேன்."

"கவுன்சிலிங்குக்கா."

வாயில் வந்தது அந்தச் சொல்தான். வேறு யோசிக்க நேரமில்லை.

"பாப்பாவுக்கா?"

நான் தலையை ஆட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாது. ஆனால் பஸ் வந்துவிட்டது.

"பரீட்சையே எழுதல, அதுக்குள்ள என்னா கவுன்சிலிங்கு?" என்று ஒருவர் கேட்பதும், "இப்பெல்லாம் முன்னாடியே போயி எடம் புடிச்சி வச்சிக்கிறாங்கய்யா, நீ எந்தக் காலத்துல இருக்க" என்று அக்கா அவரை அடக்குவதும் நான் படியில் ஏறும்போது காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் விசாரணைதான். முடிந்ததா, கிடைத்ததா, எந்தக் காலேஜ். நான் "இன்னும் இல்லிங்க்கா" என்பேன். அது பொய் இல்லை. என் கவுன்சிலிங் இன்னும் முடியவில்லைதானே. வாரங்கள் போகப் போக அக்காவே ஒரு முடிவுக்கு வந்தார்.

"இத்தினி வாரமா இழுக்குதுன்னா சாதாரணப் படிப்பா இருக்காது. டாக்டருக்கா தம்பி?"

நான் சிரித்தேன். எனக்கு அது நல்லதாகவே பட்டது. என் மகள் நன்றாகப் படிக்கிறவள். டாக்டருக்குப் படித்தால்தான் என்ன?

ஆஸ்பத்திரி அறையிலும் என் பேச்சு அப்படித்தான் ஒற்றை வரியாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த மேடம் அவசரப்படுத்தவில்லை. ஒருநாள் பரோட்டா மாவு எத்தனை நேரம் ஊற வேண்டும் என்று கேட்டார். ஒருநாள் காலையில் எழுந்ததும் முதலில் என்ன ஞாபகம் வருகிறது என்று கேட்டார். பதில் வராவிட்டால் தன் வேலையைப் பார்ப்பார். "வாய்ல வராததை எழுதிக்கூடக் கொண்டாங்கண்ணா" என்று ஒரு நாற்பது பக்க நோட்டுக் கொடுத்தார். ஐந்தாம் வகுப்போடு விட்ட எழுத்து. முதல் பக்கத்தில் "கை நடுங்கவில்லை" என்று மட்டும் எழுதிக் கொண்டுபோனேன். அவர் அதற்குக் கீழே ஒரு 'டிக்' போட்டார். ஓட்டலில் முதலாளி, "என்னா மாஸ்டரு, பரோட்டா இப்ப வட்டமா வருது?" என்று கேட்டார். அது எனக்குக் கிடைத்த இன்னொரு 'டிக்'.

*

பரீட்சை எல்லாம் முடிந்து ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை காலை. நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மகள் டீக்கடைக்குப் பால் ஊற்றிவிட்டு வந்தவள் சொம்பைப் பட்டென்று வைத்தாள்.

"டீக்கடைப் பெரியம்மா என்னைய டாக்டரம்மான்னு கூப்புடுது. நீ வாராவாரம் எனக்குக் கவுன்சிலிங்குக்குப் போறியாமே?"

நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே நின்றேன்.

"நான் எந்த குரூப்புன்னு உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை.

"சொல்லுப்பா. ரெண்டு வருசமாப் படிச்சேன்ல. எந்த குரூப்பு?"

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். அவள் சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

"காமர்ஸுப்பா. காமர்ஸ் படிச்சவ எப்படி டாக்டராவா? ஊரே சிரிக்குது. அந்த பாரத்துல நீதான கையெழுத்துப் போட்ட?"

அந்தப் படிவம் எனக்கு ஞாபகமே இல்லை. பெஞ்சு மட்டும் ஞாபகம் இருந்தது. அவளைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வியாழக்கிழமை எங்கே போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். வழக்கம்போல எதுவும் வரவில்லை. பழைய பக்கத்துக்குப் போய் நின்று தொப்பூர் பஸ் ஏறினேன்.

தொப்பூரில் இறங்கி ஓட்டலுக்குப் போகாமல், பன்னிரண்டு மணிக்குக் கடை திறக்கும்வரை அங்கேயே சுற்றினேன். கடை வாசலில் எவனோ இரண்டு விரலைக் கத்தரி மாதிரி ஆட்டினான். நான் தலையை ஆட்டினேன். எழுபத்தேழு நாளுக்குப் பிறகு அது. பாதி உள்ளே போனதும் வழக்கம்போலப் பேச்சு வரும் என்று காத்திருந்தேன். அன்று அதுவும் வரவில்லை. அவன் தன் பங்கைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, மிச்சத்தை மண்ணில் ஊற்றிவிட்டு எழுந்து போய் வேலைக்கு நின்றேன்.

வியாழக்கிழமை போகவே கூடாது என்றுதான் இருந்தேன். எழுபத்தேழு நாளும் போயிற்று, இனி எந்த முகத்தோடு போவது? மனைவிதான் காலையில் சட்டையைத் தேய்த்து எடுத்துவந்து கையில் கொடுத்தாள். "போயிட்டு வாங்க. போறதையும் நிறுத்திடாதீங்க" என்றாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அறைக்குள் போய் நோட்டைத் திறந்து வைத்தேன். "திங்கட்கிழமை குடித்துவிட்டேன்" என்று எழுதியிருந்தேன். மேடம் படித்தார். நான் என் பிளாஸ்டிக் கவரை மடித்துப் பிடித்துக்கொண்டு, "நான் ஃபெயிலுங்க. வேற யாருக்காச்சும் எடத்தைக் குடுத்துடுங்க" என்றேன்.

"உங்க ஊர்ல காலேஜ் படிக்கிற பசங்க ஒரு பேப்பர் போயிடுச்சுன்னா என்ன சொல்வாங்க?"

"அரியருன்னு சொல்வாங்க."

"அரியர் வச்சவனைக் காலேஜை விட்டு அனுப்பிடுவாங்களா?"

"இல்லிங்க. மறுபடி எழுதுவான்."

"எல்லாப் பேப்பரையுமா?"

"போன பேப்பரை மட்டுந்தாங்க."

"அப்ப நீங்க எழுதுன எழுபத்தேழு நாளு எங்கயும் போயிடல. திங்கட்கிழமை மட்டும் அரியர். அதை எழுதுவோம். அன்னைக்கு வூட்ல என்ன நடந்துச்சு, சொல்லுங்க."

அன்று நான் பேசினேன். முக்கால் மணி நேரம் இருக்கும். டீக்கடை அக்கா மகளுக்குக் கொடுத்த டாக்டர் சீட்டு, பெஞ்சு, காமர்ஸ் எல்லாம். டாக்டர் சீட்டுக் கதையில் மேடத்துக்குச் சிரிப்பு வந்தது. இந்த முறை அவர் அடக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரு மடக்கு இல்லாமல் இன்னொரு மனிதரைச் சிரிக்க வைத்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

"பொண்ணுகிட்ட எப்ப சொல்லப் போறீங்க?" என்று கடைசியில் கேட்டார். "ஒருநாள் கூட்டிட்டு வாங்க."

*

இரண்டு வாரம் சொல்லப் பார்த்தேன். அவள் தண்ணீர் எடுக்கும்போது பின்னால் போவேன். "என்னப்பா?" என்பாள். "ஒண்ணுமில்ல கண்ணு" என்று திரும்பிவிடுவேன்.

ரிசல்ட் வந்தது. நல்ல மார்க். அரசுக் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கச் சாதிச் சான்றிதழ், ஆதார் எல்லாம் வேண்டும் என்றாள். "உன்னுதும் அந்த பிளாஸ்டிக் கவர்லதான் இருக்குது, எடுத்துக்க" என்று மனைவி சொன்னாள். அப்போதுதான் எனக்கு வழி தெரிந்தது. மகள் வருவதற்குள் என் ஆஸ்பத்திரிச் சீட்டையும் நாற்பது பக்க நோட்டையும் அந்தக் கவருக்குள் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தேன். பிறகு பின்பக்கம் போய், வேண்டாத நேரத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன்.

சீட்டில் ஒவ்வொரு வியாழக்கிழமைக்கும் ஒரு முத்திரை இருக்கும். நோட்டில் கோணல் கோணலாக என் எழுத்து இருக்கும். அவள் வெளியே வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. மாட்டின் அந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்டாள்.

"வியாழக்கிழமை எத்தினி மணிக்கு?"

"பத்து மணிக்குக் கண்ணு."

"சரி."

அந்த வியாழக்கிழமை மூன்றாவது நாற்காலி ஒன்று போட்டார்கள். அவள் நல்லதாகச் சொல்வாள் என்று எதிர்பார்த்துப் போனேன். அவள் பெஞ்சைப் பற்றிச் சொன்னாள். "எல்லாரும் போனப்புறம் நான்தான் மேடம் எழுப்புனேன். எழுந்து என்னையப் பாத்து யாரும்மா நீன்னு கேட்டாரு." அது எனக்குத் தெரியாது. அவள் அதை இரண்டு வருடம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். பேசாமல் இருப்பது என்னிடமிருந்து அவளுக்குப் போயிருக்கிறது.

"அண்ணா, நீங்க எதாச்சும் சொல்லணுமா?" என்று மேடம் கேட்டார்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஓடிவிடலாம் போல இருந்தது.

"தப்பு கண்ணு. ரொம்பத் தப்பு" என்றேன். நல்ல வார்த்தைகள் வேறு இருந்திருக்கும். எனக்கு வந்தது அவ்வளவுதான்.

திரும்பும்போது பஸ்ஸில், "காலேஜுக்கு நான் வரட்டுமா?" என்று கேட்டேன். கேட்டதே எனக்குப் பெரிய காரியம். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "பாக்கலாம்பா" என்றாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. நானாக இருந்தாலும் பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

*

ஜூனில் கல்லூரிக் கவுன்சிலிங் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. நான் அன்று லீவு சொல்லியிருந்தேன். ஆனால் வீட்டில் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. காலையில் குளித்து, தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு, வேலைக்குப் போகிறவன் மாதிரியும் இல்லாமல் கல்லூரிக்குப் போகிறவன் மாதிரியும் இல்லாமல் வாசலில் நின்றேன். மகள் ரெட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பிளாஸ்டிக் கவரை என் கையில் கொடுத்தாள்.

"மாமா வருவாரா கண்ணு?"

"அவரை வர வேணாம்னு நேத்தே சொல்லிட்டேன். மூணு செட்டும் இருக்குதான்னு எண்ணிப் பாரு."

எண்ணினேன். இருந்தது. மறுபடியும் எண்ணினேன்.

எதிர்ப்பக்கம் போய் நின்றோம். டீக்கடை அக்கா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்துவிட்டார்.

"என்னா தம்பி, இன்னைக்குச் செவ்வாக்கெழமையாச்சே? நீ வியாழக்கெழமைதான கவுன்சிலிங்கு போவ? என்னா டாக்டரம்மா, சீட்டு கெடச்சிருச்சா?"

மகள் என்னைப் பார்த்தாள். அவள் சொல்லிவிடுவாள் என்று நான் ஒரு நிமிடம் காத்திருந்தேன். அவள் வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு விட்டு வைத்த பேப்பர் என்று புரிந்தது.

"பாப்பாவுக்கு இன்னைக்குத்தாங்க்கா கவுன்சிலிங். பி.காமுக்கு. வியாழக்கெழமை போனது எனக்கு."

"உனக்கு என்னா கவுன்சிலிங்கு?"

"குடிய நிறுத்தறதுக்குங்க்கா. பெரிய ஆஸ்பத்திரியில."

டீக்கடையில் இரண்டு பேர் கிளாஸைக் கையில் வைத்தபடி அப்படியே இருந்தார்கள். அக்கா ஏதாவது கேலி சொல்வார் என்று நினைத்தேன். அவர் ஒரு தடவை கடையின் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எங்க வூட்டுக்காரரு மாதிரி இருக்கறவங்களையும் சேத்துக்குவாங்களா தம்பி?"

"எல்லாரையும் சேத்துக்குவாங்கக்கா. ரேங்க் பாக்க மாட்டாங்க."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகுதான் என் முதுகு நனைந்திருப்பது தெரிந்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லாத்தான பேசுற" என்றாள்.

கல்லூரியில் மரத்தடியில் உட்காரவைத்து மைக்கில் ரேங்க் வாரியாகக் கூப்பிட்டார்கள். நான் உண்மையான கவுன்சிலிங்கைப் பார்ப்பது அப்போதுதான். நான் நினைத்திருந்தது மாதிரியே இருந்தது. ஒரிஜினல், ஜெராக்ஸ், வரிசை. எங்கள் எண் வந்ததும் உள்ளே போனோம். நீளமான மேஜைக்குப் பின்னால் மூன்று நான்கு பேராசிரியர்கள். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மகள் மார்க் ஷீட்டை எடுக்கக் கவருக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"பிளஸ் டூவுல என்ன குரூப்பும்மா?" என்று ஒருவர் கேட்டார்.

"காமர்ஸ்ங்க" என்றேன் நான். "காமர்ஸ் வித் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்."

சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அடுத்த மேஜையில் இருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட அந்த நீளமான பெயரை ஏப்ரலிலிருந்து தினமும் மாவு வீசும்போது மனதுக்குள் சொல்லிச் சொல்லி வைத்திருந்தேன். இது மகளுக்குத் தெரியாது. துழாவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு பேராசிரியரிடம் மார்க் ஷீட்டை நீட்டினாள்.

"ஆமா சார். அப்பா சொன்னதுதான்."

பி.காம். கிடைத்தது. பெற்றோர் கையெழுத்து போடச் சொன்னார்கள். என்ன படிவம் என்று ஒருமுறை முழுதும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் போட்டேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். இருக்கட்டும்.

இரண்டு நாள் கழித்து வியாழக்கிழமை எதிர்ப்பக்கம் போய் நின்றேன். டீக்கடை அக்காவின் வீட்டுக்காரர் கட்டிலை விட்டு எழுந்து, வேட்டியைச் சரியாகக் கட்டிக்கொண்டு, முகத்தில் வெளிச்சம் பட்டுப் பழக்கமில்லாதவர்போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். கை நடுங்கியதில் அது சரசரத்துக்கொண்டே இருந்தது.

"கவுன்சிலிங்குக்கு வேணும்னு எங்க வூட்ல சொன்னா" என்றார். "மூணு செட்டு எடுத்திருக்கேன். போதுமா தம்பி?"

அது தேவையில்லை என்று நான் சொல்லவில்லை.

"போதுங்கண்ணா. டி.சி. இருக்குதா?"

"இருக்குது."

பஸ் வந்தது. அவரை முன்னால் ஏறவிட்டு நான் பின்னால் ஏறினேன்.